காட்சி வரிசை மாறியதால் விழுந்த தண்டனை: ஒரு பள்ளி மேடை வழக்கின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

செப்டம்பர் 5 எல்லாப் பள்ளிகளிலும் ஆசிரியர் தினம். அன்றுதான் வ.உ.சிதம்பரனாரும் பிறந்தார், 1872இல். இரண்டும் ஒரே நாளில் வருவதால் ஆண்டுதோறும் அவருக்குக் கிடைப்பது காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஐந்து நிமிடம். அதன்பிறகு பூங்கொத்தும் பேனாவும் எங்களுக்கு வந்துவிடும். வட சென்னையில், பெரம்பூரில் உள்ள ஒரு மேல்நிலைப் பள்ளியில் நான் வரலாறு கற்பிக்கிறேன். இந்த ஐந்து நிமிட வழக்கத்தை மாற்ற வேண்டும் என்று 11ஆம் வகுப்பு மாணவர்களே கேட்டதால், 1908ஆம் ஆண்டு நடந்த அவருடைய ராஜதுரோக வழக்கை மேடையில் விசாரிப்பது என்று முடிவானது.

மாணவர்களோடு நானும் ஒரு தமிழாசிரியையும் சேர்ந்து பிரதியை எழுதினோம். காட்சிகளை வரிசைப்படுத்தியது நான். பின்னால் வரப்போகும் குழப்பத்துக்கு அந்த வரிசைதான் காரணம் என்பதால் இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கடைசியில் பார்வையாளர்களே தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பது தமிழாசிரியையின் யோசனை. உத்திரமேரூர்க் கல்வெட்டின் குடவோலை முறையைப் பாடத்தில் நடத்திக்கொண்டிருந்த நேரம் அது. மேடையோரம் இரண்டு பித்தளைக் குடங்கள், வருகிறவர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு புளியங்கொட்டை. ஒரு குடத்தில் ‘குற்றவாளி’, மற்றதில் ‘நிரபராதி’ என்று சுண்ணாம்பால் எழுதினோம். முடிவு என்னவாக இருக்கும் என்பதில் எங்கள் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆகவே விடுதலைக் காட்சியை மட்டும் எழுதினோம்: சங்கிலி அறும், மாலை விழும், எல்லோரும் மேடையேறிப் பாடுவார்கள்.

வழக்கின் உண்மை வரிசை

இதைத் தெளிவாகச் சொல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது.

1906இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவானது. காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. அந்தக் கடல்வழியை அதுவரை கையில் வைத்திருந்த பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனிக்கு இது பொறுக்கவில்லை. 1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களிடையே பேசினார்கள். மார்ச் முதல் வாரத்தில் நிர்வாகம் இறங்கிவந்தது. வங்காளத்தில் விபின் சந்திர பாலர் சிறையிலிருந்து வெளிவந்த மார்ச் 9ஆம் நாளைக் கொண்டாட வேறு ஏற்பாடானது. கலெக்டர் விஞ்ச் இருவரையும் அழைத்து, மாவட்டத்தை விட்டுப் போகச் சொன்னார். மறுத்தார்கள். மார்ச் 12 அன்று வ.உ.சி., சிவா, பத்மநாப ஐயங்கார் மூவரும் கைதானார்கள்.

மறுநாள், மார்ச் 13, திருநெல்வேலி கொதித்தது. கடைகள் அடைத்தன, மாணவர்கள் கல்லூரியை விட்டு வெளியே வந்தார்கள். நகராட்சி அலுவலகம், தபால் அலுவலகம், காவல் நிலையம் எல்லாம் தாக்கப்பட்டுத் தீக்கிரையாயின. நகராட்சியின் மண்ணெண்ணெய்க் கிடங்கும் எரிந்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். தூத்துக்குடியில் கோரல் மில் தொழிலாளர்கள் மறுபடி வேலையை நிறுத்தினார்கள். இந்த முறை கூலிக்காக அல்ல, கைதைக் கண்டித்து. பிறகு தண்டப் போலீஸ் நிறுத்தப்பட்டு, அதன் செலவு ஊர்க்காரர்கள் தலையில் வரியாக விழுந்தது.

பூர்வாங்க விசாரணையை நடத்தியவர் கூடுதல் மாவட்ட மாஜிஸ்திரேட் வாலஸ். செஷன்ஸ் நீதிபதி பின்ஹே ஜூலை 7 அன்று தீர்ப்பளித்தார். ராஜதுரோகப் பேச்சுக்காக ஒன்று, சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்காக ஒன்று என்று வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனைகள். தீவாந்தரத்தில் நாற்பது ஆண்டு என்று மக்கள் இன்றும் சொல்வது இதைத்தான். சிவாவுக்குப் பத்து ஆண்டு. சென்னை உயர்நீதிமன்றம் அதே ஆண்டு நவம்பரில் இருவரின் தண்டனையையும் ஆறு ஆண்டுகளாகக் குறைத்தது. கோவைச் சிறை, கண்ணனூர்ச் சிறை என்று கழித்து 1912 டிசம்பரில் வ.உ.சி. வெளியே வந்தபோது கப்பல் கம்பெனியே இல்லை.

பிரதியில் நாங்கள் செய்தது

மேடையில் ஐந்து காட்சிகள்: கப்பல், ஆலை, நெல்லைத் தீ, கைது, கோர்ட்.

மேலே உள்ள நாட்களோடு ஒப்பிட்டால் பிசகு உடனே தெரியும். கைதுக்குப் பிறகு மூண்ட தீ எங்கள் மேடையில் கைதுக்கு முன்னால் மூண்டது. இது அறியாமையால் வந்த பிழை அல்ல. கூட்டமாக நடித்த பன்னிரண்டு பையன்களே கைதுக் காட்சியில் போலீஸாகவும் வர வேண்டியிருந்தது. அவர்கள் வேட்டியைக் களைந்து காக்கி மாட்ட ஐந்து நிமிடம் தேவை. தீக்காட்சி முடிந்ததும் சிவப்பு விளக்கை அணைத்து, அந்த இருட்டில் உடை மாற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஒத்திகையில் கச்சிதமாகப் பொருந்தியது. “சார், தேதி இடிக்கிறதே” என்று ஒரு மாணவி கேட்டாள். “நாடகத்தில் ஒரு நாள் முன்னே பின்னே போனால் என்ன?” என்றேன். அந்தப் பதில் இப்போதும் என் காதில் ஒலிக்கிறது.

இரண்டாவது விஷயம், அரசு வக்கீலாக நடித்த பெண். வட்டார அளவில் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவள். ராஜதுரோகத்துக்கான 124ஏ பிரிவை முழுமையாக வாசிக்க வேண்டும் என்று அவளே பிடிவாதமாக நின்றாள். 1870இல் தண்டனைச் சட்டத்தில் நுழைந்து 1898இல் இன்னும் அகலமான பிரிவு அது. சட்டப்படி அமைந்த அரசின்மீது வெறுப்பையோ அவமதிப்பையோ உண்டாக்க முயன்றாலே போதுமாக இருந்தது. அதனால் எங்கும் கலகம் மூள வேண்டும் என்ற அவசியம்கூட இருக்கவில்லை. எதிர்த்தரப்பு வக்கீலாக வந்த பையனுக்கு நாங்கள் எழுதிக் கொடுத்தது முழுக்க உணர்ச்சி வசனம். சட்டம் பற்றி ஒரு வரி கிடையாது.

அரங்கேற்றம்

செப்டம்பர் 5 மாலை. பெற்றோர்களும் தாத்தா பாட்டிகளுமாக அரங்கம் நிரம்பியிருந்தது. தீக்காட்சிக்குச் செல்லோபேன் தாளும் மின்விசிறியும் வைத்திருந்தோம். செல்லோபேன் உயர எழுந்து சடசடத்ததும் முன்வரிசைக் குழந்தைகள் வீறிட்டார்கள். விளக்கு அணைந்தது; மீண்டும் எரிந்தபோது காக்கிச்சட்டைகள் வ.உ.சி.யைச் சூழ்ந்து நின்றன. பார்ப்பவர் கண்ணுக்கு இது எப்படித் தெரியும்? ஊர் எரிந்தது, அதற்காகப் பிடித்தார்கள்.

கோர்ட் காட்சியில் அரசு வக்கீல் கேட்ட முதல் கேள்வியே, “அந்தத் தீயை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள் அல்லவா?” என்பதுதான். பிரதியில் இல்லாத வரி. அவளாகச் சேர்த்துக்கொண்டது. நாங்கள் திறந்துவைத்த கதவு வழியாகத்தான் அவள் உள்ளே வந்தாள்.

பிறகு புளியங்கொட்டைகள். வரிசையில் வந்து ஒவ்வொருவராகப் போட்டார்கள். பித்தளையில் கொட்டை விழும் ஓசை கொஞ்ச நேரம் மழைத்தூறல் போல இருந்தது. முடிந்ததும் குமாஸ்தாவாக நின்ற பையன் இரண்டு குடங்களையும் எண்ணுவதற்காகத் தூக்கினான். எண்ணத் தேவையே இருக்கவில்லை. ‘குற்றவாளி’க் குடத்தைத் தூக்கியபோது அவன் தோள் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

அதற்கு ஒரு முடிவு எங்களிடம் இல்லை. அட்டைச் சங்கிலியோடு வ.உ.சி. மேடை நடுவில் நின்றான். மாலையைக் கையில் வைத்திருந்த சிறுமி என்னையே பார்த்தாள். நீதிபதியாக இருந்தவன், “அப்படியானால் நாற்பது ஆண்டு” என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டான். பின்வரிசையிலிருந்து துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் எழுந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். “வெள்ளைக்காரன் கொடுத்தது போதாது என்று பெரம்பூரிலும் எங்கள் ஊர்க்காரருக்குத் தண்டனையா?” என்று கேட்டுவிட்டு, பேரனைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வெளியேறினார். சிறைவாசத்துக்குப் பிறகு வ.உ.சி. சில காலம் பெரம்பூரில் வசித்தவர் என்பது அவருக்குத் தெரிந்திருந்ததா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் கிடைத்த விவரங்கள்

காலையில் தலைமையாசிரியர் மேசையில் ஒரு பெற்றோரின் கடிதம் இருந்தது. விடுதலைப் போராட்ட வீரரைப் பள்ளி அவமதித்துவிட்டது, பொறுப்பானவர்கள் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எழுதியிருந்தார்.

மன்னிப்புக் கடிதம் எழுதி முடித்துவிடலாம் என்றுதான் முதலில் பேசினோம். தமிழாசிரியை ஒத்துக்கொள்ளவில்லை. “அவர்கள் ஏன் அப்படிப் போட்டார்கள் என்று தெரியாமல் எதற்காக மன்னிப்பு?” என்றார். பிள்ளைகளை அழைத்துப்போக வருகிறவர்களிடம் மூன்று நாட்கள் பள்ளி வாசலில் நின்று கேட்டோம். எதிர்பார்த்த பதில் பாதி, எதிர்பாராதது பாதி.

“அவர் பேசியதால்தானே ஊர் எரிந்தது” என்றவர்களே அதிகம். அதாவது என் காட்சி வரிசை. தீ எரிந்தபோது மூவரும் காவலில் இருந்தார்கள் என்று சொன்னதும் பலர் திகைத்தார்கள். “பின்னே ஏன் முதலில் தீயைக் காட்டினீர்கள்?” என்று ஒரு தாய் திருப்பிக் கேட்டார். சட்டை மாற்றத்தான் என்று எப்படிச் சொல்வது?

“சட்டத்தில் அப்படித்தானே எழுதியிருக்கிறது” என்றார்கள் இன்னும் சிலர். பிரிவை வாசித்துக் காட்டிவிட்டு அவர் அதை மீறினாரா என்று கேட்டால், ஆம் என்பதுதான் நேர்மையான பதில். அந்தப் பிரிவு இருக்கலாமா என்று நாங்கள் கேட்கவே இல்லை.

மூன்றாவது வகைப் பதில்தான் என்னை அதிகம் யோசிக்கவைத்தது. “குற்றவாளி என்று போட்டது பெருமையால்தான், சார். அவர் பேசவில்லை என்று சொன்னால் அல்லவா அவமானம்?” என்று ஆட்டோ ஓட்டும் ஒரு தந்தை சொன்னார். ஒரே குடத்தில் விழுந்த கொட்டைகள் ஒன்றுக்கொன்று நேர் எதிரான எண்ணங்களோடு விழுந்திருக்கின்றன. மேடையிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல.

இதற்கிடையே ஒரு மாணவன், அதே 1908 ஜூலையில் பம்பாயில் நடந்த திலகர் வழக்கைப் படித்துவிட்டு வந்தான். அங்கே ஜூரிகள் 7க்கு 2 என்ற கணக்கில் குற்றவாளி என்றார்கள். ஆறு ஆண்டுத் தண்டனைக்கு ஆறு நாள் என்று பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். “அந்த 7 பேரும் என்ன கேள்விக்குப் பதில் சொன்னார்கள் சார்?” என்று கேட்டான். எங்கள் கோளாறை அவன் ஒரு வரியில் சொல்லிவிட்டான்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

தலைமையாசிரியர் வாக்கெடுப்பையே எடுத்துவிடச் சொன்னார். நாங்கள் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் முதல்முறை கொட்டை போட்டவர்களைத் தவறு செய்தவர்கள் என்று சொல்வதுபோல் ஆகியிருக்கும். தவறு கேள்வியில் இருந்தது. ஆகவே குடங்களை இரண்டிலிருந்து ஆறாக்கினோம், மூன்று கேள்விகளுக்கு இரண்டிரண்டாக. அவர் இப்படிப் பேசினாரா? அந்தப் பேச்சு 124ஏ பிரிவுக்குள் வருகிறதா? அப்படி ஒரு பிரிவு இருக்கலாமா? ஆறு குடத்துக்கு மாணவர்களின் வீடுகளிலிருந்து கடன் வாங்க வேண்டியிருந்தது. ஒன்றில் கல்யாணச் சீர் பெயர் பொறித்திருந்தது. அதைத் துணியால் மூடினோம்.

தீக்காட்சி கைதுக்குப் பின்னால் போனது. கூட்டத்துக்கும் போலீஸுக்கும் தனித்தனிப் பையன்கள். அதனால் 9ஆம் வகுப்பிலிருந்து பத்துப் பேரைச் சேர்த்தோம்.

நான்கு பேரின் சாவு முதல் பிரதியில் துப்பாக்கி ஒலியோடு முடிந்துவிட்டிருந்தது. பெயர் இல்லை, வசனம் இல்லை. கோர்ட் காட்சியிலும் அவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை. ராஜதுரோக வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நின்றவர்கள் பேசியவர்கள். சுட்டவர்களை அந்தக் கோர்ட் கேட்கவில்லை. வழக்கை மட்டும் மேடையேற்றியபோது நாங்களும் அதையே செய்திருந்தோம். கோர்ட் காட்சி முழுவதும் நான்கு காலி நாற்காலிகள் முன்வரிசையில் இருக்கட்டும் என்றாள் தேதி இடிக்கிறதே என்று முதலில் சொன்ன அந்த மாணவி. இந்த முறை மறுபேச்சுப் பேசவில்லை.

இன்னொரு சேர்க்கை, போலீஸ் குறிப்பு. கூட்டத்தில் பேசியது கோர்ட்டுக்குப் போவது, கேட்ட போலீஸ்காரர் எழுதிவைத்த குறிப்பாகத்தான். அதைச் சொல்லி விளங்கவைக்க முடியவில்லை, செய்தே காட்டினோம். ஒரு மாணவன் மூன்று நிமிடம் கோரல் மில் தொழிலாளர்களிடம் பேசுவான். மேடையோரம் நிற்கும் இன்னொருவன் கேட்டுவிட்டு, பிறகு நினைவிலிருந்து எழுதி வாசிப்பான்.

வாலஸையும் மாற்றினோம். முதல் பிரதியில் அவர் மீசை முறுக்கும் வில்லன். பின்னாளில் உயர்நீதிமன்றத்தில் இருந்தபோது, பறிக்கப்பட்ட வக்கீல் சன்னதை, அதாவது தொழில் உரிமத்தை, வ.உ.சி. திரும்பப் பெற உதவியவரும் அவர்தான். அந்த நன்றிக்காகத் தம் மகன் ஒருவருக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார் வ.உ.சி. இதை வகுப்பில் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை.

இரண்டாவது முறை

வ.உ.சி. மறைந்த நாளான நவம்பர் 18க்குத் திட்டமிட்டோம். நவம்பர் மாதச் சென்னையில் தேதி குறிப்பது நம் கையில் இல்லை. மழைக்காகப் பள்ளி விடுமுறை விட்டதால் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போனது. அரங்கத்தில் பாதிதான் நிரம்பியது. வாசலில் குடைகள் சொட்டிக்கொண்டிருந்தன.

போலீஸ் குறிப்புக் காட்சிதான் அன்று நிலைத்தது. பேசியவன், “உங்கள் கூலியை நீங்கள் கேளுங்கள், கிடைக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருங்கள்” என்றான். எழுதியவன் வாசித்தது: “கேட்ட கூலி கிடைக்காவிட்டால் சும்மா இருக்காதீர்கள் என்று பேசினார்.” ஒத்திகை பார்த்து வைத்ததல்ல, அவன் உண்மையாகவே அப்படித்தான் எழுதியிருந்தான். முதலில் சிரிப்பு எழுந்தது, பிறகு அடங்கியது. அவன் பாவம், காதுவரை சிவந்துபோனான்.

கொட்டைகளின் கணக்கு: பேசினார் என்ற குடம் ஏறக்குறைய நிரம்பியது. பிரிவுக்குள் வருகிறதா என்பதில் இரண்டு குடங்களும் சரிபாதி. பிரிவு இருக்கலாமா என்பதற்குக் கூடாது என்றவர்கள் அதிகம். இருக்கலாம் என்ற குடமும் காலியாக இல்லை. துறைமுகப் பெரியவர் வந்திருந்தார். முதல் கேள்விக்கு மட்டும் போட்டுவிட்டு மற்ற கொட்டைகளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “பேசினார். பேசாமலா?” என்றார் போகிற போக்கில். கடிதம் எழுதிய பெற்றோர் வரவில்லை.

குறைகளும் இருந்தன. நாடகம் ஒன்றேமுக்கால் மணி நேரம் இழுத்தது. வாலஸ் காட்சி வரும்போது குழந்தைகள் தூங்கிவிட்டார்கள். காலி நாற்காலிகளில் இரண்டில், தாமதமாக வந்த இருவர் தெரியாமல் உட்கார்ந்துவிட்டார்கள். எழுப்ப எங்களுக்கு மனம் வரவில்லை. அரசு வக்கீலையும் எதிர்த்தரப்பு வக்கீலையும் சீட்டுப் போட்டு மாற்றியிருந்தோம். எதிர்த்தரப்புக்குப் போன அந்தப் பெண் முன்போல் சுடர்விடவில்லை. தனக்குக் கொடுத்த வரிகள் பலவீனமாக இருந்ததாகச் சொன்னாள். உண்மைதான். அரசுத் தரப்புக்குச் சட்டப்பிரிவு கையில் இருந்தது. எதிர்த்தரப்புக்கு இந்த முறையும் நாங்கள் சட்ட வாதம் தேடித் தரவில்லை. அரசின் நடவடிக்கையைக் கண்டிப்பது மட்டும் குற்றமாகாது என்று அதே பிரிவின் விளக்கங்கள் சொல்லின. அதை வைத்தே ஒரு காட்சி எழுதியிருக்கலாம்.

இனி செய்தால்

காட்சி வரிசையை உடை மாற்றும் வசதிக்காக மாற்ற மாட்டேன். தீர்ப்பு எப்படி வந்தாலும் அதற்கு ஒரு முடிவுக் காட்சி எழுதி வைப்பேன். உயர்நீதிமன்ற மேல்முறையீட்டின் அறிக்கை இந்தியச் சட்ட அறிக்கைகளின் சென்னை வரிசை 32ஆம் தொகுதியில் இருக்கிறது. பிரதி எழுதும் முன்பே அதை மாணவர்களோடு உட்கார்ந்து படிப்பேன். முதல்முறை நாங்கள் படித்ததெல்லாம் பாடநூலும் சொற்பொழிவுகளும்தான்.

மாணவர்கள் இப்போது 1911இல் திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் கொலையைத் தொடர்ந்த சதி வழக்கைக் கேட்கிறார்கள். அது சென்னையிலேயே நடந்தது. ஆர்னால்டு ஒயிட், ஏய்லிங், சங்கரன் நாயர் என்று மூன்று நீதிபதிகள். சங்கரன் நாயர் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்; பாரதியின் பாட்டு ஒன்றையும் அதில் எடுத்துக்காட்டினார். மூன்று நீதிபதிகளுக்கு எத்தனை குடம் வைப்பது என்று தமிழாசிரியை கேட்கிறார். நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை.